படகுக் கருவி மக்கர் செய்கிறதா? அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

எங்கள் படகு 31 அடி. 1980களில் வார்த்த ஃபைபர் உடல், ஒற்றைப் பாய்மரம். மலேசியாவின் போர்ட்டிக்சனில் கட்டியிருக்கிறோம். வாங்கிய முதல் வருடமே, மற்றப் படகுகளோடும் கரையோடும் பேசுவதற்கான விஎச்எஃப் ரேடியோ மக்கர் செய்தது. கேட்கும்போது ஒன்றும் குறையில்லை. பேசுவதற்குப் பொத்தானை அழுத்தினால் அணைந்து, மறுபடி உயிர்பெறும். வயதான ரேடியோ, அதன் காலம் முடிந்தது என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டு, புதிதாக ஒன்று வாங்கிப் பொருத்தினேன். பொத்தானை அழுத்தினேன். புதியதும் அணைந்தது.

கோளாறு ரேடியோவுக்குப் பின்னால் ஒயரில் தொங்கிய ஃபியூஸ் கூட்டில் இருந்தது. பழைய ரேடியோ இன்றும் என் வீட்டு மேசையில் நன்றாக வேலை செய்கிறது.

அதிலிருந்து எனக்கு ஒரு வழக்கம். கருவியைக் கடைசியில்தான் சந்தேகிப்பேன். பேட்டரிக்கும் கருவிக்கும் நடுவில் எத்தனை இணைப்பு இருக்கிறதோ அத்தனை இடத்திலும் உப்புக் காற்று முதலில் கைவைக்கும். கீழே உள்ள எல்லா அறிகுறிகளுக்கும் இதே வரிசைதான்: சப்ளை, இணைப்பு, ஒயர், சென்சார், கடைசியில் பெட்டி.

கையில் இருக்க வேண்டியவை

சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும். அதோடு 10 மீட்டர் ஒற்றை ஒயர், இரண்டு முனையிலும் குரோக்கடைல் கிளிப் வைத்தது. மீட்டரின் கை எட்டாத இடத்துக்கு இதுதான் நீட்டிய கை. காரின் பிரேக் விளக்குக்குப் போடும் 21 வாட் பல்பு ஒன்றில் இரண்டு ஒயர் பற்றவைத்துக்கொள்ளுங்கள். ஏன் என்று அடுத்த பகுதியில் புரியும். ஒயர் முனையை நசுக்கிப் பொருத்த ராட்செட் வைத்த கிரிம்ப் கருவி, ஒயர் முனையில் போட வெள்ளீயம் பூசிய லக்குகள், சூடு காட்டினால் சுருங்கி மூடும், உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாய், கான்டாக்ட் கிளீனர், ஒரு பழைய டூத் பிரஷ். மீட்டரும் கிளிப்பும் கனெக்டரும் கோலாலம்பூர் ஜாலான் பாசார் கடைகளில் கிடைக்கும். வெள்ளீயம் பூசிய படகு ஒயரை மட்டும் படகுச் சாமான் விற்கும் கடையில் வாங்குங்கள். வீட்டு ஒயரை விலை குறைவு என்று போட்டால் இரண்டு மூன்று மழைக்காலத்தில் உள்ளே கருத்துப்போகும்.

வேலை தொடங்குமுன் கரையிலிருந்து வரும் 240 வோல்ட் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். இந்தக் கட்டுரை 12 வோல்ட் பக்கத்துக்கு மட்டும்தான். 240 பக்கம் மின்பணியாளருடைய வேலை. 12 வோல்ட் ஷாக் அடிக்காது, ஆனால் சுட்டுவிடும். மோதிரம், காப்பு, கழுத்துச் சங்கிலி எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள். பேட்டரியின் இரண்டு முனைக்கும் நடுவில் ஒரு ஸ்பேனர் விழுந்தால் என்ன ஆகும் என்று நான் பார்த்திருக்கிறேன், ஸ்பேனர் வெல்டாகிவிட்டது.

ஒரு கருவி மட்டும் உயிரில்லாமல் கிடக்கிறது

கருவியின் பின்னால் உள்ள பிளக்கைக் கழற்றி, அதன் பிளஸ்சிலும் மைனஸிலும் மீட்டரை வையுங்கள். ஒன்றும் காட்டாவிட்டால் வழி நேரானது. பிரேக்கர், ஃபியூஸ், ஒயர் என்று பேட்டரி நோக்கிப் பின்னால் நடந்து, வோல்டேஜ் எங்கே தென்படுகிறது என்று பாருங்கள். ஃபியூஸைக் கண்ணால் பார்த்து நல்லது என்று சொல்லாதீர்கள். கண்ணாடிக் குழாய்க்குள் கம்பி முழுசாகத் தெரியும், மூடியோடு சேரும் இடத்தில் விட்டிருக்கும். மீட்டரை ஓம் பக்கம் திருப்பி இரண்டு முனையிலும் வைத்துப் பாருங்கள்.

12.6 வோல்ட் காட்டியும் கருவி எரியாவிட்டால், உடனே கருவிதான் போச்சு என்று நினைக்கத் தோன்றும். அங்கேதான் மீட்டர் நம்மை ஏமாற்றும். மீட்டர் இழுக்கும் மின்சாரம் ஒன்றுமே இல்லை. இருபது இழையில் பத்தொன்பது அறுந்து ஒரே இழை மிஞ்சியிருந்தாலும் அது 12.6 என்றுதான் சொல்லும். அந்த 21 வாட் பல்பை அதே இரண்டு முனையில் மாட்டுங்கள். கிட்டத்தட்ட 1.75 ஆம்பியர் இழுக்கும். பல்பு பளிச்சென்று எரிந்தால் சப்ளை நல்லது. மங்கலாக எரிந்தாலோ, மீட்டர் சடாரென்று 9 வோல்ட்டுக்கு இறங்கினாலோ, வழியில் எங்கோ களிம்பு உட்கார்ந்திருக்கிறது.

மைனஸ் பக்கத்தை எல்லோரும் மறப்பார்கள். பிளஸ் பக்கம் ஃபியூஸ், சுவிட்ச் என்று கண்ணுக்கு முன்னால் இருக்கும். மைனஸ் எல்லாம் ஒரே பித்தளைப் பட்டையில், பெரும்பாலும் படகின் அடியில், ஈரமான இருட்டில் சேரும். அதன் திருகுகளை வருடத்துக்கு ஒருமுறை கழற்றித் துலக்கி முடுக்கினாலே பல புதிர்கள் தானாகத் தீரும். துலக்குவது என்றதும் ஞாபகம் வருகிறது: பித்தளைக் குத்துவிளக்கைப் புளி போட்டு விளக்குவதுபோல இங்கேயும் செய்யலாமே என்று ஒரு நண்பர் செய்தார். பளபளவென்றுதான் வந்தது. ஆனால் இடுக்கில் தங்கிய புளிப்பு மறுபடி அரிக்கத் தொடங்கி, இரண்டு மாதத்தில் முன்னைவிடப் பச்சையாகிவிட்டது. அமிலம் எதுவானாலும், நல்ல தண்ணீரில் கழுவிக் காயவைக்க முடிந்த இடத்தில் மட்டும்.

பேச ஆரம்பித்ததும் ரேடியோ அணைகிறது

என் கதை இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சும்மா கேட்டுக்கொண்டிருக்கும்போது விஎச்எஃப் ரேடியோ அரை ஆம்பியருக்கும் குறைவாகத்தான் இழுக்கும். 25 வாட்டில் பேசும்போது 5 முதல் 6 ஆம்பியர். வழியில் எங்கோ 0.4 ஓம் தடை இருக்கிறது என்று வையுங்கள். கேட்கும்போது அதில் 0.16 வோல்ட் போகும், யாருக்கும் தெரியாது. பேசும்போது 5.5 ஆம்பியரில் 2.2 வோல்ட் போகும். 12.5 இருந்த இடத்தில் 10.3. பெரும்பாலான ரேடியோக்களின் கையேட்டில் 13.8 வோல்ட் என்று போட்டிருக்கும், 10.3-இல் அது தன்னைத் தானே அணைத்துக்கொள்ளாமல் என்ன செய்யும்? 1 வாட்டுக்கு மாற்றிப் பேசினால் நன்றாக வேலை செய்து, 25-இல் மட்டும் அணைந்தால் இந்தக் கோளாறு என்று கிட்டத்தட்ட எழுதியே கொடுக்கலாம்.

கண்டுபிடிக்கும் முறை இது. ஆன்டெனா மாட்டியிருக்கிறதா என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். ஆன்டெனா இல்லாமல் பேசும் பொத்தானை அழுத்தினால் ரேடியோவின் கடைசிக் கட்ட டிரான்சிஸ்டர் போய்விடலாம். ஆளில்லாத ஒரு வேலைச் சேனலுக்குப் போங்கள், ஆபத்து அழைப்புக்கான 16-இல் வேண்டாம். நீட்டிய ஒயரின் ஒரு முனை பேட்டரியின் பிளஸ்சில், மறுமுனை மீட்டரில். மீட்டரின் இன்னொரு முள் ரேடியோவுக்குப் போகும் பிளஸ் ஒயரில். ஒருவர் சில விநாடி பொத்தானை அழுத்தட்டும். மீட்டர் காட்டும் எண் அப்படியே பிளஸ் பக்கத்தில் தொலைந்த வோல்டேஜ். அதையே மைனஸ் பக்கமும் செய்யுங்கள். இரண்டும் சேர்ந்து 0.36-க்குள், அதாவது 12 வோல்ட்டில் 3 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது.

எங்கள் படகில் பிளஸ் பக்கம் மட்டும் 1.9 வந்தது. மீட்டரின் முள்ளைப் பேட்டரி பக்கமாக ஒவ்வொரு இணைப்பாக நகர்த்தினேன். பேனலின் பின்பக்கம் 0.2. அப்படியானால் மீதி 1.7 பேனலுக்கும் ரேடியோவுக்கும் நடுவில். அங்கே இருப்பது ஒயரும் அந்த ஃபியூஸ் கூடும்தான். இரண்டு பாதியாகத் திருகித் திறக்கும் பிளாஸ்டிக் குழாய். உள்ளே ஃபியூஸை அழுத்திப் பிடிக்க ஒரு சுருள்வில். அந்த வில் துருப்பிடித்து, ஃபியூஸின் மூடியை மாவு பூசியதுபோல் ஒரு பச்சைத் தூள் மூடியிருந்தது. திறந்ததும் வில் இரண்டாக உடைந்து, படகின் அடியில் தண்ணீர் தேங்கும் பில்ஜுக்குள் விழுந்தது. அப்படிப்பட்ட கூட்டைச் சுத்தம் செய்து மறுபடி போடாதீர்கள். மூடியுள்ள பிளேடு ஃபியூஸ் கூடு ஒன்றைக் கிரிம்ப் செய்து போடுங்கள்.

ஒயரே மெல்லியதாக இருந்தால்? பேட்டரியிலிருந்து ரேடியோ 6 மீட்டர் என்றால் மின்சாரம் போய்வரும் வழி 12 மீட்டர். 1.5 சதுர மி.மீ. ஒயரில் 5.5 ஆம்பியருக்குச் சுமார் 0.8 வோல்ட் தொலையும். 2.5-இல் அரை வோல்ட். 4 சதுர மி.மீ. போட்டால் 0.3. சிலர் ரேடியோவுக்கு இவ்வளவு தடிமனா என்று சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

எஞ்சின் ஸ்டார்ட் செய்யும்போது ஜிபிஎஸ் திரை அணைந்து மறுபடி ஓடத் தொடங்குவதும் இதே குடும்பம்தான். ஸ்டார்ட்டர் மோட்டார் இழுக்கும்போது பேட்டரி 10 வோல்ட்டுக்குக் கீழே போய்வரும். ஸ்டார்ட்டருக்கு ஒரு பேட்டரி, கருவிகளுக்கு ஒரு பேட்டரி என்று பிரித்தால் தீர்ந்தது. ஏற்கெனவே பிரித்திருந்தும் அணைந்தால், யாரோ பேட்டரி சுவிட்சை இரண்டும் சேர்ந்த நிலையில் விட்டிருக்கிறார்கள். அதைச் சரிசெய்கிறேன் என்று எஞ்சின் ஓடும்போது சுவிட்சை முழுதாக அணைத்துவிடாதீர்கள். ஆல்டர்னேட்டரின் டயோடுகள் பொசுங்கும்.

பகலில் எல்லாம் சரி, நள்ளிரவில் ஒவ்வொன்றாக அணைகிறது

பேட்டரி. சார்ஜ், சுமை இரண்டும் இல்லாமல் சில மணி நேரம் விட்டு அளந்தால், ஈய அமில பேட்டரி நிறைந்திருக்கும்போது 12.6 அல்லது 12.7, பாதியில் 12.2, 12.0-க்கு வந்தால் கால்வாசிதான் மிச்சம். 12.6 காட்டிவிட்டு, ஃபிரிட்ஜைப் போட்டதும் 11.4-க்கு விழுந்தால் பேட்டரியின் உள்ளே சத்து போய்விட்டது. சார்ஜ் ஏறும்போது 14.2 முதல் 14.4 வரை வர வேண்டும். 13 தாண்டவில்லை என்றால் பேட்டரியைத் திட்டாமல் ஆல்டர்னேட்டர் பெல்ட்டையும் சோலார் கண்ட்ரோலரையும் பாருங்கள்.

ரேடியோ கேட்கிறது, ஆனால் தூரத்தில் இருப்பவர்களுக்கு நாம் கேட்கவில்லை

பக்கத்துப் படகை அழைத்து, “அண்ணே, கேக்குதா?” என்று விசாரிப்பது சோதனையே இல்லை. பக்கத்துப் படகுக்கு ஆன்டெனாவே இல்லாமலும் கேட்கும். தூரத்தில் உள்ளவரிடம்தான் கேட்க வேண்டும்.

மலாக்கா நீரிணையில் இருப்பவர்களுக்கு இன்னும் எளிதான சோதனை ஒன்று உண்டு. சுற்றியுள்ள கப்பல்களைத் திரையில் காட்டும் ஏஐஎஸ் கருவி அதே பாய்மர உச்சி ஆன்டெனாவைப் பகிர்ந்துகொண்டால், திரையில் எவ்வளவு தூரத்துக் கப்பல்கள் தெரிகின்றன என்று பாருங்கள். 15 மீட்டர் உயரத்தில் நம் ஆன்டெனா, 35 மீட்டரில் ஒரு பெரிய கப்பலின் ஆன்டெனா என்றால் 20 கடல் மைலுக்கு மேல் பிடிக்க வேண்டும். 3, 4 மைலுக்குள் இருப்பவை மட்டும் தெரிந்தால் ஆன்டெனா வழியில் கோளாறு. கப்பல்கள் நாள் முழுக்கப் போய்க்கொண்டேயிருக்கும் இடம் இது. இலவச சிக்னல் ஜெனரேட்டர்.

முதலில் பாய்மரத்தின் அடியில் உள்ள இணைப்பு. பாய்மரத்தைக் கழற்றி மாட்டுவதற்காக அங்கே ஆன்டெனா கேபிளின் பிஎல்-259 கனெக்டர் ஜோடி ஒன்று இருக்கும், மழைநீர் முழுக்க அதன் மேல்தான் வடியும். கழற்றி உள்ளே பாருங்கள். நடு ஊசி பச்சையாகவோ, அதைச் சுற்றியுள்ள கம்பிப் பின்னல் கருப்பாகவோ இருந்தால் ஒரு சாண் வெட்டிப் பாருங்கள். செம்பு பளிச்சென்று வரும் வரை வெட்டுங்கள். ஒரு மீட்டர் வெட்டியும் கருப்பாகவே இருந்தால் கேபிள் குடித்த தண்ணீர் வற்றாது, மாற்றிவிடுங்கள். மாற்றும்போது மெல்லிய ஆர்ஜி-58 வேண்டாம். 18 மீட்டர் நீளத்தில் அது சக்தியில் பாதிக்கு மேல் தின்றுவிடும். ஆர்ஜி-213 ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கோடு நிறுத்திக்கொள்ளும். எடை கூடத்தான்.

ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு, கேபிளின் நடு ஊசிக்கும் வெளிக்கூட்டுக்கும் ஓம் அளந்தால் திறந்தே இருக்க வேண்டும். பீப் அடித்தால் பின்னலின் ஒரு இழை ஊசியைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. ஆன்டெனாவை மாட்டிய பிறகு பீப் அடித்தால் பதற வேண்டாம். பல கடல் ஆன்டெனாக்களின் அடியில் சுருள் ஒன்று இருக்கும், டிசி மீட்டருக்கு அது ஷார்ட்டாகவே தெரியும். இதைத் தெரியாமல் நல்ல ஆன்டெனாவைக் குப்பையில் போட்டவர்கள் உண்டு. கணக்கில் நானும் ஒருவன்.

அனுப்பிய சக்தியில் எவ்வளவு ஆன்டெனாவிலிருந்து திரும்பி வருகிறது என்று காட்டும் எஸ்டபிள்யூஆர் மீட்டர் கிடைத்தால் நல்லது. 156 மெகாஹெர்ட்ஸுக்கு உரியதாக இருக்கட்டும், 27 மெகாஹெர்ட்ஸ் சிபி ரேடியோ மீட்டர் உதவாது. 1.5-க்குள் நல்லது, 2 வரை பொறுக்கலாம், 3 என்றால் வேலை இருக்கிறது. இதிலும் ஒரு பொறி உண்டு. கேபிள் மிகவும் கெட்டிருந்தால், மேலே போவதையும் திரும்பி வருவதையும் அதுவே தின்றுவிடும். கீழே மீட்டர் அழகாக 1.3 காட்டும். ஆகவே எண் நன்றாக இருந்தும் தூரம் போகவில்லை என்றால் கேபிளைச் சந்தேகியுங்கள்.

மேலே ஏற வேண்டி வந்தால் இரண்டு கயிறு, இரண்டாவது உயிர்க்கயிறு, கீழே நம்பிக்கையான ஆள். புதுக் கனெக்டரைக் கையில் எடுத்துக்கொண்டு ஏறுங்கள். பொருத்திய பின் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பைக் கீழிருந்து மேலாக ஓடு வேய்வதுபோல் சுற்றுங்கள்.

விளக்கு போட்டால் ரேடியோ மந்தமாகிறது

எல்இடி விளக்குகள். மலிவான எல்இடி பல்புக்குள் வோல்டேஜைக் குறைக்கும் சிறு சர்க்யூட் ஒன்று விடாமல் இரைச்சல் கிளப்பும். அந்த இரைச்சல் விஎச்எஃப், ஏஐஎஸ் அலைவரிசையிலேயே விழும். அமெரிக்கக் கடலோரக் காவல்படை 2018 ஆகஸ்டில் இதற்கென்றே ஒரு எச்சரிக்கை வெளியிட்டது. பாய்மர உச்சியில் ஆன்டெனாவுக்குப் பக்கத்திலேயே பயண விளக்கு இருக்கும் படகுகளுக்குத் தொல்லை அதிகம்.

சோதனை சுலபம். எல்லா விளக்கையும் அணைத்து, அமைதியான ஒரு சேனலில், இரைச்சலை அடக்கும் ஸ்குவெல்ச் குமிழை இரைச்சல் மறையும் இடம் வரை மட்டும் திருப்புங்கள். பிறகு ஒவ்வொரு விளக்காகப் போடுங்கள். எதைப் போட்டதும் ரேடியோ சீறுகிறதோ அதுதான் ஆள். சீறாமல் போவதும் உண்டு. அதனால் ஏஐஎஸ்ஸில் தெரியும் கப்பல்களின் எண்ணிக்கை விளக்கு போட்டதும் குறைகிறதா என்றும் பாருங்கள். விளக்கின் ஒயரில் இரைச்சலைத் தடுக்கும் ஃபெரைட் வளையம் மாட்டிப் பார்க்கலாம். எங்கள் படகில் அரைகுறையாகத்தான் உதவியது, பல்பை மாற்றியபின்தான் நிம்மதி.

எஞ்சினின் வேகத்தோடு ஏறி இறங்கும் ஊளைச் சத்தம் என்றால் அது விளக்கு இல்லை, ஆல்டர்னேட்டர்.

ஆழமானி எண் காட்டாமல் சிமிட்டுகிறது, அல்லது தாறுமாறாகக் காட்டுகிறது

எண் சிமிட்டினால், எதிரொலி வரவில்லை, கடைசியாக வந்ததைத்தான் காட்டுகிறேன் என்று அது சொல்கிறது. நங்கூரத்தில் நன்றாக இருந்து, ஓடும்போது மட்டும் சிமிட்டினால் காற்றுக் குமிழிகள். படகுத்துறையில் மட்டும் என்றால், பக்கத்துப் படகின் ஆழமானியும் நம்முடைய அதே 200 கிலோஹெர்ட்ஸில் கத்திக்கொண்டிருக்கலாம். இந்தக் கரையோரச் சேறு வேறு எதிரொலியை உறிஞ்சிக்கொள்ளும்.

எங்கும் எப்போதும் சிமிட்டினால் சென்சாரின் முகத்தைப் பாருங்கள். இந்த வெந்நீர்க் கடலில் இரண்டே மாதத்தில் கொட்டலசு, அதாவது ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும் சிறு கடல் உயிர், ஏறிவிடும். பிளாஸ்டிக் சுரண்டியால் மெதுவாகச் சுரண்டுங்கள், கத்தி வேண்டாம். அடிக்குப் பூசும் செம்புச் சாயத்தைச் சென்சார் மேல் தடவாதீர்கள், அதற்கென்று தனிப் பூச்சு இருக்கிறது.

சில பழைய படகுகளில் சென்சார் வெளியே நீட்டியிருக்காது. படகின் உள்ளே, அடித்தகட்டின் மேல் ஒரு சின்னக் குழாய்க்குள் எண்ணெயில் மூழ்கியிருக்கும். ஃபைபர் வழியாகவே கீழே பார்க்கும். எண்ணெய் கசிந்து காற்று புகுந்தால் குருடாகிவிடும். அந்தக் காலத்தில் அதில் ஊற்றியது விளக்கெண்ணெய்தான். நானும் அதையே ஊற்றினேன், கடைக்காரர் வயிற்றுக்கா என்று கேட்டார். எண்ணெய் இருந்தும் வேலை செய்யாவிட்டால் காதைச் சென்சார் பக்கம் வையுங்கள். பெரும்பாலும் டிக் டிக் என்று மெல்லிய சத்தம் கேட்கும். கேட்டால் பெட்டி அனுப்புகிறது, சென்சார் அதிர்கிறது.

ஆழம் எப்போதும் ஒரே அளவு கூடவோ குறையவோ காட்டினால் அது கோளாறே இல்லை. கருவியை ரீசெட் செய்தபோது ஆஃப்செட், அதாவது சென்சாரின் அளவோடு கூட்டவோ கழிக்கவோ நாம் பதிந்துவைத்த எண், அழிந்துவிட்டது. எங்களுக்கு ரீசெட்டுக்குப் பிறகு அது, படகுக்குக் கீழே நீட்டிக்கொண்டிருக்கும் கீலின் அடியிலிருந்து அளப்பதை விட்டுச் சென்சாரிலிருந்து அளக்கத் தொடங்கியது. அடியில் இன்னும் ஒரு மீட்டருக்கு மேல் தண்ணீர் இருக்கிறது என்று நம்பிப் போய்ச் சேற்றில் உட்கார்ந்தோம். அடுத்த ஏற்றநீர் வரும் வரை சீட்டாட்டம்.

வேகமானி பூஜ்யம்

படகின் அடியில் தண்ணீரில் சுழலும் சென்சார் சக்கரத்தில் கொட்டலசு. வேறு எதையும் யோசிக்குமுன் அதை இழுத்துப் பாருங்கள். இழுத்த கணம் தண்ணீர் பீறிடும், துளையை மூடும் அடைப்பானைக் கையிலேயே வைத்திருங்கள். வெளியே எடுத்த சக்கரத்தை விரலால் சுழற்றினால் திரையில் வேகம் வர வேண்டும். வந்தால் கழுவித் திரும்பப் போடுங்கள். வராவிட்டால் சக்கரத்தில் உள்ள காந்தம் விழுந்திருக்கும் அல்லது அந்தக் காந்தத்தை உணரும் ஹால் சென்சார் போயிருக்கும்.

காற்றுமானியில் வேகம் வருகிறது, திசை வரவில்லை

இரண்டும் வராவிட்டால் பாய்மர அடி இணைப்பு என்று கண்ணை மூடிக்கொண்டு தொடங்கலாம். ஒன்று மட்டும் வருகிறது என்றாலும் அங்கேயே தொடங்குங்கள், ஏனென்றால் வேகத்துக்கு ஒரு ஒயர், திசைக்கு வேறு ஒயர்கள். அவற்றில் ஒன்று மட்டும் களிம்பேறியிருக்கலாம். அங்கே ஒயர்கள் மேலிருந்து நேராக இணைப்புக்குள் நுழைந்தால், தண்ணீரும் நேராக நுழையும். ஒயரை ஒரு சாண் கீழே தொங்கவிட்டு மறுபடி மேலே ஏற்றி இணைப்புக்குக் கொண்டுவாருங்கள். தண்ணீர் வளைவின் அடியிலேயே சொட்டிப்போகும்.

மெல்லிய காற்றில் கிண்ணங்கள் நின்று, பலத்த காற்றில் மட்டும் சுற்றினால் பேரிங். அதற்கு மீட்டர் வேண்டாம், பைனாகுலர் போதும்.

எல்லாத் திரையிலும் வெறும் கோடுகள்

புதிய படகுகளில் கருவிகள் எல்லாம் என்எம்இஏ 2000 என்ற ஒரே கேபிளில் கோத்திருக்கும். ஒரு கருவி மட்டும் கோடு காட்டினால் அதன் கிளைக் கேபிள். எல்லாமே கோடு என்றால் முதுகெலும்புக் கேபிள்.

சப்ளையை அணையுங்கள். ஏதாவது ஒரு பிளக்கைக் கழற்றி, வெள்ளைக்கும் நீலத்துக்கும் நடுவில் ஓம் அளக்க வேண்டும். கேபிளின் இரண்டு கோடியிலும், டெர்மினேட்டர் என்ற 120 ஓம் தடை வைத்த அடைப்பான் ஒவ்வொன்று இருக்க வேண்டும். சேர்த்து அளந்தால் 60. 120 வந்தால் ஒரு அடைப்பான் இல்லை, அல்லது நடுவில் கேபிள் அறுந்திருக்கிறது. 40 வந்தால் யாரோ மூன்றாவதை மாட்டியிருக்கிறார்கள். பூஜ்யத்துக்குப் பக்கம் என்றால் ஷார்ட். இவ்வளவு தெளிவாகத் தன் நோயைச் சொல்லும் கருவி படகில் வேறு இல்லை.

60 வந்தும் கோடுகள் என்றால் சப்ளையைப் போட்டு, சிவப்புக்கும் கருப்புக்கும் நடுவில் கேபிளின் கடைக்கோடியில் வோல்டேஜ் பாருங்கள். 9-க்குக் கீழே போனால் கருவிகள் தடுமாறும். அதுவும் சரியென்றால் கிளைகளை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். ஒன்றைக் கழற்றியதும் மற்றவை உயிர்பெற்றால், கழற்றியதுதான் எல்லோரையும் வாயடைத்துக்கொண்டிருந்தது. புதிதாக ஒன்றைச் சேர்த்தபின் தொல்லை வந்தது என்றால் கிளையின் நீளத்தை அளந்து பாருங்கள், 6 மீட்டரைத் தாண்டக் கூடாது.

பழைய என்எம்இஏ 0183 ஒயர்கள் என்றால் முதலில் வேகம். சாதாரணக் கருவிகள் 4800 பாட், ஏஐஎஸ் 38400. இரண்டு பக்கமும் ஒரே வேகத்தில் வைக்காவிட்டால் ஒன்று பேசுவது மற்றதற்குப் புரியாது. அப்புறம், ஒரு கருவியின் பேசும் ஒயர் மற்றதன் கேட்கும் ஒயருக்குப் போக வேண்டும். பேசுவதும் பேசுவதும் சேர்ந்தால் யார் கேட்பது?

ஆட்டோபைலட் பாம்பாக நெளிகிறது

முதலில் அதை அணைத்து, சுக்கானை நீங்களே பிடியுங்கள். கை வலிக்கும் அளவுக்குப் படகு காற்றின் பக்கம் திரும்ப இழுத்தால், கோளாறு பாயில். அந்த இழுப்பைக் கருவியால் மட்டும் எப்படிச் சமாளிக்க முடியும்? பாயைச் சற்றுத் தளர்த்துங்கள். சுக்கானை ஆட்டிப் பார்த்து, தடக் தடக் என்று இடைவெளி தெரிந்தால் அது இரும்பு வேலை, மீட்டரை உள்ளே வையுங்கள்.

சுக்கான் லேசாக இருந்தும் நெளிந்தால் திசைகாட்டிச் சென்சார். அது ஒரு சிறிய உருண்டைப் பெட்டி, பெரும்பாலும் ஏதாவது அலமாரியின் உள்ளே ஒளிந்திருக்கும். எங்கள் படகில் ஒரு பயணத்தில் திடீரென்று 20 டிகிரி பிசகிப் போகத் தொடங்கியது. ஒயரையெல்லாம் அளந்து அரை நாள் போனது. கடைசியில் அலமாரியைத் திறந்தால், சென்சாரை ஒட்டி ஒரு டஜன் சார்டின் டின். முந்தின நாள் சாமான் அடுக்கியது நான்தான். ஸ்பீக்கர், காந்தம் வைத்த போன் உறை, கருவிப்பெட்டி எல்லாம் இதையே செய்யும். ஒரு மீட்டருக்கு அப்பால் நகர்த்திவிட்டு, அமைதியான நீரில் கையேட்டில் சொன்னபடி வட்டமடித்துச் சரிக்கட்டுங்கள்.

பெரிய அலையில் மட்டும் மோட்டார் நின்றுபோனால் மறுபடி அதே வோல்டேஜ் பிரச்சினை. மோட்டார் முழு பலத்தோடு தள்ளும்போது அதன் முனையில் அளந்து பாருங்கள்.

ஜிபிஎஸ் இடத்தைச் சரியாகச் சொல்கிறது, தேதியை 20 வருடம் பின்னால் சொல்கிறது

கருவி கெடவில்லை. ஜிபிஎஸ் வாரங்களை 1024 வரை எண்ணிவிட்டு மறுபடி பூஜ்யத்தில் தொடங்கும். முதல் முறை 1999 ஆகஸ்டில், இரண்டாவது முறை 2019 ஏப்ரல் 6 நள்ளிரவில். புதுப்பிக்காத பழைய கருவிகள் இதில் ஏமாறும். மென்பொருள் புதுப்பிப்பு இருந்தால் போடுங்கள். இல்லாவிட்டால் அதே கருவியை இடத்துக்கு மட்டும் நம்புங்கள், ஏற்றநீர் அட்டவணையை அதில் பார்க்காதீர்கள், தேதி தவறு என்றால் அதுவும் தவறு.

கருவி கடல்நீர் குடித்துவிட்டது

போட்டுப் பார்க்காதீர்கள். எல்லோரும் முதலில் அதைத்தான் செய்கிறார்கள். ஃபியூஸைப் பிடுங்கி, உள்ளே பேட்டரி இருந்தால் அதையும் எடுத்து, திறந்து, நல்ல தண்ணீரில் தாராளமாகக் கழுவுங்கள். மனசு கேட்காதுதான், ஆனால் தண்ணீரைவிட உப்புதான் எமன். அப்புறம் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் ஒருமுறை. மின்விசிறிக் காற்றில் இரண்டு மூன்று நாள் காயட்டும். அரிசிப் பானைக்குள் புதைத்துவைத்தால் ஈரம் ஏதோ கொஞ்சம் போகலாம், உப்பு அங்கேயேதான் இருக்கும்.

மின்னலுக்குப் பிறகு

விடியற்காலையில் சுமத்ரா பக்கமிருந்து வரும் புயல்காற்றுக்குப் பழகியவர்கள் கையடக்க ரேடியோவையும் ஜிபிஎஸ்ஸையும் பிரஷர் குக்கருக்குள் போட்டு மூடுவார்கள். நாலு பக்கமும் உலோகம் சூழ்ந்த பெட்டி என்பதால் அதில் நியாயம் இருக்கிறது. சமைக்குமுன் எடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

பக்கத்தில் இறங்கிய மின்னலே போதும், நம் பாய்மரத்தில்தான் விழ வேண்டும் என்றில்லை. முதலில் கருவிகளைப் பார்க்காதீர்கள். பில்ஜைத் திறந்து தண்ணீர் ஏறுகிறதா என்று பாருங்கள். அடியைத் துளைத்துப் போகும் பொருத்துகள், சென்சார்கள் வழியாக மின்னல் கடலுக்குள் இறங்கியிருக்கலாம். பிறகு ஃபியூஸ்கள், பிறகு பாய்மர உச்சி: ஆன்டெனா, காற்றுமானி, விளக்கு. அப்புறம் நெட்வொர்க்கின் 60 ஓம். எல்லாம் வேலை செய்தாலும் படம் எடுத்துக் காப்பீட்டுக்காரரிடம் தேதியோடு சொல்லிவைத்துவிடுங்கள். அடிபட்ட கருவி சில மாதம் ஓடிவிட்டு ஒருநாள் நிற்கும்.

கடைசியாகக் காந்தத் திசைகாட்டி. படகிலுள்ள இரும்பெல்லாம் புதிதாகக் காந்தம் ஏறியிருக்கலாம், எண் பிசகியிருக்கும். நாங்கள் துறையை விட்டு வெளியே வந்ததும், தஞ்சோங் துவான் கலங்கரை விளக்கத்தை நோக்கி முனையைத் திருப்பி, வரைபடம் சொல்லும் டிகிரியோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் மேலே போவோம்.